டை ஹார்டுக்கு தமிழ்ல என்ன போடறது?

டிரான்ஸ்லேஷன் வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம் பிரிட்டிஷ் அரசியல் வரலாறு புக்கு ஒண்ணு கைக்கு வந்துச்சு, அதுல 'டை ஹார்டு'ன்னு வந்த இடத்துல எல்லாம் தீவிரவாதிகள்னு போட்டுட்டு போயிட்டே இருந்தேன். மெய்ப்பு பாக்குற அண்ணன் பக்கத்துல உக்கார வெச்சாரு. பிரிண்ட் அவுட்ல அந்த ஒரு வார்த்தைய மட்டும் சிவப்பு பேனாவால ரெண்டு சுத்து சுத்தியிருந்தாரு. "இவங்க எல்லாம் பிரபுக்கள்ப்பா, படிக்கிறவன் குண்டு வெச்சவங்கன்னுல்ல நினைப்பான்"னாரு.

அவர் சொன்னது சரி. 1911ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட்டோட மேல்சபையான லார்ட்ஸ் சபையோட வீட்டோ அதிகாரத்த, அதாவது மசோதாவ தடுக்குற அதிகாரத்த, குறைக்க மசோதா வந்தப்போ, நீங்க ஒத்துக்கலன்னா புதுசா நூத்துக்கணக்குல பிரபுக்கள நியமிச்சு ஓட்டுல தோக்கடிப்போம்னு பிரதமர் ஆஸ்க்வித் அரசாங்கம் சொல்லிடுச்சு. அப்பவும் முடியவே முடியாதுன்னு நின்னவங்கதான் இந்த டை ஹார்டுங்க, முன்னாடி நின்ன ஹால்ஸ்பரி பிரபுவுக்கு அப்போ 87 வயசு. ஆகஸ்ட் 10ஆம் தேதி 131க்கு 114ன்னு தோத்தாங்க.

அந்த பேரு அதுக்கு சரியா நூறு வருஷம் முன்னாடி போர்க்களத்துல இருந்து வந்தது, 1811 மே 16, ஸ்பெயின்ல அல்புவேரா. பிரிட்டிஷ் படையோட 57ஆவது ரெஜிமெண்ட் கர்னல் இங்லிஸ் குண்டடி பட்டு விழுந்தும் தூக்கிட்டுப் போக விடாம, 'டை ஹார்டு', அதாவது லேசுல சாகாதீங்கடான்னு கத்தினாராம். அன்னிக்கு அந்த ரெஜிமெண்ட்ல பாதிக்கு மேல செத்தோ காயம்பட்டோ விழுந்தாங்க. இத்தனையும் அடங்கின வார்த்தைய ஒரு 'தீவிர'வுல அமுக்கிட்டோமேன்னு எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமாயிடுச்சு.

அதுக்கப்புறம் இந்த மாதிரி பழைய வார்த்தை எது வந்தாலும் நின்னு பாத்துட்டுதான் நகருவேன். 'அவுட் அண்ட் அவுட்டர்'னா முழுக்க முழுக்க அப்படிப்பட்ட ஆளு, நம்ம அக்மார்க். 'டைடு இன் த வூல்'னா நூலா நூக்குறதுக்கு முன்னாடி, கம்பளி பஞ்சா இருக்கும்போதே சாயம் ஏத்துறது. திருப்பூர்ல மெலாஞ்ச் நூலுக்கு பஞ்சுலயே சாயம் போடுவாங்களே, அதே கதைதான், இழைய பிரிச்சு பாத்தா உள்ள வரைக்கும் நிறம் இருக்கும். 'ஊறிப்போன'ன்னு எழுதினேன், கச்சிதமா உக்காந்துச்சு.

'ஹோல் ஹாகர்'தான் பாடாப்படுத்துச்சு. 1903ல பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜோசஃப் சேம்பர்லைன் முன்வெச்ச இறக்குமதி வரி திட்டத்த துளிகூட குறைக்காம அப்படியே வேணும்னு நின்ன ஆளுங்களுக்கு அந்த பேரு, வார்த்தைக்கு வார்த்தை பாத்தா முழுப் பன்னிக்காரன். அதுல இருக்குற சந்தைக்கடை வாசனை தமிழ்ல வரணும், வசவாவும் ஆகிடக்கூடாது. 'முழுசா கேக்குறவங்க'ன்னு போட்டு பாத்தேன், சப்புன்னு இருந்துச்சு. அண்ணன் "ஒண்ணு விடாம கேக்குற கோஷ்டி"ன்னாரு, அதத்தான் வெச்சோம்.

டை ஹார்டுக்கு 'கடைசிவரை மல்லுக்கு நின்னவங்க'ன்னு மாத்தினேன். நீளம்தான், ஆனா 87 வயசு ஹால்ஸ்பரி அதுல தெரியறாரு.