செஸ்ட்நட் போத்தும் வேரூக்கியும்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 7

வெயில் ஏறினால் தளிர் துவண்டுவிடும் என்று விடிந்ததும் வெட்டப் போனேன். மொத்தம் 24 போத்து, அதாவது வேர்விட வைத்துப் புதுக் கன்றாக்க வெட்டிய தளிர்த்துண்டு. பாதி, நன்றாகக் காய்க்கும் பெரிய செஸ்ட்நட் மரத்தின் மேல் கிளைகளில் எடுத்தது. மீதி, போன குளிர்காலத்தில் தரையோடு வெட்டிவிட்ட மூன்று வயதுக் கன்றுகளின் தூரில் கிளம்பியவை.

எனக்கு வேண்டியது பெரிய மரம்தான். அதன் கொட்டையை விதைத்தால் அதே மரம் வராது. செஸ்ட்நட்டுக்குத் தன் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது, ஒவ்வொரு கொட்டைக்கும் தகப்பன் வேறு மரம். ஒட்டுக் கட்டலாம். ஆனால் சில வருடம் நன்றாக இருந்துவிட்டு ஒட்டிய இடத்தில் பிணக்கு வந்து செத்துப்போகும் ஒட்டுகள் இந்த இனத்தில் உண்டு. அதனால்தான் சொந்த வேரில் நிற்கும் கன்று வேண்டும் என்ற பிடிவாதம். கன்றுகளின் போத்தை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சேர்த்தேன்.

இரும்புக் கத்தியில் நீலக் கறுப்பாகக் கறை. மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்த வேலை. வெட்டுவாயும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறியது.

ஜூன் 7, இரவு

வேரூக்கி கலக்கியதில் முதல் முயற்சி வீண். ஐபிஏ (இண்டோல் பியூட்டிரிக் அமிலம், வேரைத் தூண்டும் மருந்து) தூளை நேராகத் தண்ணீரில் போட்டேன், அப்படியே மிதந்தது. பொட்டாசியம் உப்பாக வாங்கியிருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும். இதை முதலில் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) என்றால் லிட்டருக்கு 5 கிராம். எனக்கு 50 மில்லி போதும், ஆக 250 மில்லிகிராம். அடிமுனையை ஐந்து விநாடி முக்கி எடுத்து, காற்றில் உலரவிட்டு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குறுணையும் பீட் என்ற மட்கிய பாசியும் கலந்த தட்டில் குத்தினேன். போத்துக்கு இரண்டு இலை, அதுவும் பாதியாக நறுக்கியது. மேலே பிளாஸ்டிக் மூடி, அடியில் 23 டிகிரிக்கு வெப்ப விரிப்பு.

ஜூன் 19

பெரிய மரத்துப் போத்துகளில் நான்கு கறுத்துவிட்டன. மூடியில் நீர்த்துளி கோத்து நிற்கிறது. காலையில் ஒருமுறை திறந்து காற்றாடவிடுகிறேன்.

1935இல் ஜிம்மர்மனும் வில்காக்ஸனும் ஐபிஏ வேர்விட வைக்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு எத்தனையோ செடிகள் இந்தத் தூளுக்கு மசிந்துவிட்டன. ஓக், வால்நட், செஸ்ட்நட் மாதிரி சில மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. ஒடித்து நட்டால் துளிர்க்க இது செம்பருத்தி இல்லை.

ஜூலை 14

பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன்.

பெரிய மரத்துப் போத்தின் அடியில் வெள்ளையாக, பொரிபொரியாக ஒரு திரட்சி. ஒரு கணம் வேர் என்றே நினைத்துவிட்டேன். வெறும் காலஸ், காயத்தை மூடும் திசு. அது எவ்வளவு பருத்தாலும் அதிலிருந்து வேர் வரும் என்று கட்டாயம் இல்லை. கன்றுப் போத்தை இழுத்தேன், லேசாக எதிர்த்து இழுத்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

கணக்கு: கன்றுகளில் பன்னிரண்டுக்கு ஐந்து வேர்விட்டன. பெரிய மரத்தில் ஒன்றுகூட இல்லை. அதே மருந்து, அதே தட்டு, அதே கை. வேறுபாடு வயது மட்டும்தான். காய்க்கத் தொடங்கிவிட்ட கிளை வேர்விடும் பழக்கத்தையே மறந்துவிடுகிறது. மருந்தைக் கூட்டினால் அடிமுனை வெந்துபோகுமே தவிர நினைவு திரும்பாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது மரத்துக்கும் பொருந்தும் போல.

வேர்விட்ட ஐந்தையும் தனித் தொட்டிக்கு மாற்றவில்லை. இப்போது வேரைக் கலைத்தால் குளிர்காலத்தைத் தாண்டாது.

டிசம்பர் 2

இலை உதிர்ந்துவிட்டது. உறைபனி படாத இடத்தில் தட்டு. தண்ணீர் அரிதாக.

ஏப்ரல் 11

மூன்று மொட்டு விரித்திருக்கின்றன. மற்ற இரண்டிலும் வேர் வெள்ளையாக, உயிரோடு இருக்கிறது. மேலே மட்டும் அசைவில்லை. வேர்விட்ட பிறகும் விழிக்காமல் போவது செஸ்ட்நட்டில் மட்டும் இல்லை, வேறு சில மரங்களிலும் உண்டு. வெட்டி எடுத்த அந்தக் கோடையிலேயே கொஞ்சமாவது புதுத் தளிர் விட்டவைதான் இந்த மூன்றும்.

ஏப்ரல் 26

பெரிய மரத்தின் அடித்தூரில், தரையை ஒட்டி, நான்கு தளிர்கள். இத்தனை வருடம் அவற்றைக் களை என்று சீவி எறிந்துகொண்டிருந்தேன். தூரில் வரும் தளிருக்கு மரத்தின் இளமைக் குணம் மிச்சம் இருக்கும். ஒட்டு மரமாக இருந்தால் அது அடிக்கன்றின் தளிராகிவிடும். இது விதையில் வந்த மரம், எனவே தளிரும் அதே மரம்தான்.

இன்று நான்கின் அடியிலும் கறுப்பு நாடா சுற்றினேன். வெளிச்சம் படாமல் வெளிறிய தண்டு சுலபமாக வேர்விடும். இரண்டைப் போத்தாக வெட்டுவேன். மற்ற இரண்டுக்கும் வெட்டே கிடையாது. ஐரோப்பிய நாற்றங்கால்களில் ஒட்டுக்கான கலப்பின அடிக்கன்றுகளைப் பெருக்குகிற முறையில், மரத்தோடு இருக்கும்போதே வேர்விடும்படி அடியில் மண் அணைத்துப் பதியன். நாடா போதவில்லை, கடைசித் தளிருக்குப் பழைய சாக்குத் துண்டு.