பாட்டியின் புடவையும் பார்சலில் வந்த பேட்டியாவும்

பிப்ரவரி 9, ஓசூர்

சித்தி மகளுக்குத் தெலங்கானாவிலிருந்து பார்சல் வந்துவிட்டதாம். கண்ணாடி பதித்த பேட்டியா (பாவாடை), காஞ்சளி (ரவிக்கை), முக்காடு, எங்கள் லம்பாடிப் பெண்களின் பழைய உடுப்பு எல்லாம் செட்டாக. 15ஆம் தேதி, லம்பாடிகளின் குரு சேவாலாலின் ஜெயந்திக்கு அதைப் போட்டு ரீல் எடுக்கப் போகிறாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் இந்த ஜெயந்தி கிடையாது. ஃபோன் வழியாக வந்த விழா.

தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் பாட்டி வயதுக்காரர்களே புடவைக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. ஊசி வேலையும் போன மாதிரிதான் இருந்தது. லம்பாடிப் பெண்களின் கைவினைச் சங்கமான பொர்கை வந்த பிறகு, தையல் ஞாபகமிருந்த மூத்த பெண்களிடம் உட்கார்ந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பார்சலில் வந்ததோ மெஷின் வேலை. சொன்னேன். "ஃபோன்ல பாக்குறவங்களுக்கு அது தெரியவா போகுது அக்கா?" என்றாள். தெரியாதுதான்.

பிப்ரவரி 12

முன்பு டிக்டாக்கில் அவளும் நானும் எங்கள் லம்பாடி மொழியில் சண்டை போடுகிற வீடியோக்கள் நிறைய இருந்தன. 2020 ஜூன் கடைசியில் தடை வந்தது, எல்லாம் போச்சு. அதிலும் "நீங்க ஹிந்திக்காரங்களா?" என்று கேட்காத ஆளில்லை. கேட்டவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2011 கணக்கெடுப்பிலேயே லம்பாடி பேசும் 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஹிந்தியின் கீழ்தான் சேர்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, தாண்டா (எங்கள் லம்பாடிக் குடியிருப்பு)

ரீல் போட்டாச்சு. அழகாகத்தான் இருக்கிறாள். கர்நாடகம், தெலங்கானா என்று "ஜெய் சேவாலால்" வந்து குவிகிறது. நடுவில் ஒருவர், "நீங்க எஸ்டியா, எஸ்சியா?" ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் எஸ்டி, கர்நாடகத்தில் எஸ்சி, இங்கே பிசி. இதைக் கமெண்டில் எங்கே போய் விளக்குவது? அவள் ஒரு ஹார்ட் போட்டு முடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

சாயங்காலம் நானும் ஒன்று போட்டேன். பாட்டி வெளுத்த புடவையில் ஆட்டைத் திட்டுகிறாள், சுத்தமான லம்பாடியில். "இதுல நம்ம அடையாளம் எங்கக்கா இருக்கு?" என்றாள் தங்கச்சி. யாடியிடம் (அம்மாவிடம்) பேட்டியா இல்லை, எனக்கும் இல்லை. வீட்டில் வாயைத் திறந்தால் வருவது இந்தப் பேச்சுதானே! அடுத்த பிள்ளைகள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

பிப்ரவரி 20, ஓசூர்

ஆட்டு வீடியோவுக்கு லைக் சொற்பம். ஆனால் பல்லாரிப் பக்கத்து அக்கா ஒருத்தி கன்னட எழுத்தில் நீளமாக ஏதோ எழுதியிருந்தாள். லம்பாடிக்கென்று எழுத்து இல்லாததால் அவரவர் மாநில எழுத்தில்தான் எழுதுகிறோம். நான் தமிழ் எழுத்தில் பதில் போட்டேன். அவளுக்கு அது புரியவில்லை, எனக்கு அவளுடையது புரியவில்லை. கடைசியில் வாய்ஸ் மெசேஜ். அவள் ஒரு கல்யாணப் பாட்டு பாடி அனுப்ப, நான் அதைப் பாட்டிக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். ராகம் தப்பு என்று பாட்டி ஒரே போடு. பாடிக் காட்டச் சொல்லி அதையும் அனுப்பிவிட்டேன். அந்த அக்காவும் விடுவதாக இல்லை, தன் மாமியாரைப் பாடவைத்து அனுப்பியிருக்கிறாள்.