சுறா: 50-வது படம்னு நம்பிப் போன கதை

2010 ஏப்ரல் 30. செமஸ்டர் எக்ஸாம் நடந்துகிட்டு இருந்துச்சு, வீட்ல குரூப் ஸ்டடின்னு சொல்லிட்டு நானும் என் ஃப்ரெண்டும் விஜய்யோட சுறா படத்துக்கு முதல் ஷோவுக்குப் போய் நின்னோம். அவன் என்னைவிட வெறி. குருவி, வில்லு எல்லாம் பாத்து நொந்து போயிருந்தாலும் வேட்டைக்காரன் பாட்டு தெருவெல்லாம் ஓடிச்சுல்ல, அந்தத் தெம்புல "இது 50-வது படம்டா மாப்ள, தளபதி சும்மா விடுவாரா"ன்னு கியூவுல நிக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தான்.

இன்ட்ரோ ஞாபகம் இருக்கும்ல? புயல்ல மாட்டின மீனவங்க எல்லாரும் கரைக்கு வந்துடுறாங்க, ஹீரோ சுறா மட்டும் வரல, குப்பமே கடலப் பாத்து பதறுது, அப்போ தண்ணிக்குள்ள இருந்து டால்ஃபின் மாதிரி துள்ளிக்கிட்டு வர்றார். தியேட்டரே அலறுச்சு, நானும்தான் பேப்பர கிழிச்சுப் போட்டேன். அப்புறம் தமன்னா நாய்க்குட்டி போச்சேன்னு சாகப் போறாங்க, இவர் காப்பாத்துறார். பக்கத்து சீட்ல இருந்தவரு கொட்டாவி விட ஆரம்பிச்சது அப்போதான்.

அப்போ எல்லாரும் லாஜிக் இல்ல, லாஜிக் இல்லன்னாங்க. அதே விஜய் நடிச்ச கில்லியில மட்டும் என்ன லாஜிக் வாழ்ந்துச்சு? ஆனா கில்லி வேலு அப்பாவுக்குப் பயப்படுவான். கபடி ஆடிட்டு ராத்திரி திருட்டுத்தனமா வீட்டுக்குள்ள ஏறிக் குதிப்பான், தங்கச்சிகிட்ட மாட்டிக்கிட்டு முழிப்பான். வெளிய பிரகாஷ்ராஜையே அடிச்சவன் வீட்ல பம்முறான், அதான் நமக்கு நம்ம வீட்டுப் பையன் மாதிரி இருந்துச்சு. சுறாவ திட்டுறதுக்கு அந்தப் படத்துல ஒரு ஆளு கிடையாது. அம்மா, ஊரு, ஹீரோயின்னு மொத்தப் பேரும் பாராட்டிக்கிட்டே இருக்காங்க, மந்திரி குப்பத்த புடுங்க வந்தாலும் நமக்குப் பதறல, எப்படியும் இவர்தான் ஜெயிக்கப் போறார். தப்பே பண்ணாத ஆள வச்சு என்ன கதை சொல்ல முடியும் சொல்லுங்க. வடிவேலு இருந்ததால இன்டர்வல் வரைக்காவது உக்காந்தோம்.

டான்ஸ்ல ஒரு குறை சொல்ல முடியாது. அதான் இன்னும் கடுப்பு, இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் ஏன் அதே சட்டையவே திரும்பத் திரும்ப மாட்டுறார்னு.

வெளிய வந்து டீக்கடையில ரெண்டு பேரும் பேசவே இல்ல. கடைசியா அவன் மெதுவா, "பாட்டு நல்லாருந்துச்சுல்ல?"ன்னான். நான் ம்னேன். அடுத்த ரெண்டு மாசம் சன் டிவியில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சுறா விளம்பரம், போன்ல எஸ்எம்எஸ் ஜோக்கு. அஜித் ரசிகன் ஒருத்தன் கிளாஸ்ல இருந்தான், அவன் ரீசார்ஜ் பண்ண காசு பூரா எனக்கு அனுப்புன ஜோக்குக்கே போயிருக்கும்.

2011 பொங்கலுக்கு காவலன் வந்தப்போ ஃப்ரெண்டு வரமாட்டேன்னுட்டான், தனியாத்தான் போனேன். அதுல விஜய் போன்ல பேசுற பொண்ணு யாருன்னே தெரியாம தவிக்கிறார், ஏமாறுறார், வழியுறார். இன்டர்வல்லயே வெளிய வந்து அவனுக்கு போன் போட்டேன்: "மாப்ள, பயப்படுறார்டா. நைட் ஷோவுக்கு கிளம்பி வா, நான் மறுபடி பாக்குறேன்."