காசு வாங்காவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும்

ஹட்டன் டவுனில் ஓர் அச்சகத்தில் நான் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, தேர்த்திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர் என்று வேலை ஓடும். கொஞ்சக் காலமாக மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகள் வாசிக்கும் தம்பிமார் சிலர் தாங்களே தமிழாக்கிய பக்கங்களோடு வருகிறார்கள். "அக்கா, ஐம்பது கொப்பி அடிச்சுத் தாங்க. விக்கப் போறதில்ல, கூட்டாளிமாருக்குச் சும்மா குடுக்கத்தான்."

இலவசமாகக் கொடுத்தாலும் அனுமதி வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, மொழிபெயர்க்கும் உரிமையும் படைத்தவருடையதுதான். "பழைய கதைதானே அக்கா" என்பார்கள். பழைய மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா காலமானது 1989இல். ஜப்பானிலும் சரி, இங்கேயும் சரி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். அவர் கதைகளுக்கே 2059 முடிய வேண்டும்.

ரசிகர் குழுக்களுக்குள் சில நல்ல வழக்கங்கள் உண்டு. உரிமம் பெற்ற பதிப்பு வந்துவிட்டால் நிறுத்திவிடுவது, காசு வாங்காதது, உழைத்தவர் பெயரை அழிக்காதது. தமிழில் அந்தக் கதை வராதவரை யாருக்கு என்ன நட்டம் என்று தம்பிமார் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாரும் வாசித்து முடித்த கதைக்கு நாளைக்கு எந்தத் தமிழ்ப் பதிப்பாளர் உரிமப் பணம் கட்டுவார்?

பெரும்பாலும் இவர்கள் ஜப்பானிய மூலத்தைத் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் ரசிகர்கள் செய்ததைத்தான் தமிழாக்குகிறார்கள். அந்தக் குழுவிடம் கேட்பது மரியாதை, கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அவர்களும் அனுமதி வாங்காதவர்கள் என்றால், தங்களிடம் இல்லாததை எப்படித் தருவார்கள்? உரிமம் பெற்ற ஆங்கிலப் பதிப்பிலிருந்து எடுத்தால் அந்த மொழிபெயர்ப்பாளருடைய உரிமையும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் வேறு வழி சொன்னேன். பத்திரிகையில் தொடராக வரும் கதை என்றால் பதிப்பகத்திடம் போக வேண்டும். தன் குறுங்கதையைத் தானே வெளியிடும் ஓவியர் என்றால் அவரே முடிவு சொல்லலாம். தலவாக்கலைத் தம்பி ஒருவர் அப்படி ஓர் ஓவியருக்கு எழுதினார், சம்மதம் வந்தது. நிபந்தனைகள்: முதல் பக்கத்தில் பெயர், விற்பனை கூடாது, பக்கத்தைத் திருப்பிப் போடக்கூடாது. மங்கா வலமிருந்து இடமாகப் போகும். அதை இடமிருந்து வலமாக வாசிக்க வசதியாகப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டினால் வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். அது ஓவியரின் படமே இல்லை.

அப்புறம் என் பாடு. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே இறங்குவதால் வசனக் குமிழ்கள் ஒடுக்கமாக, உயரமாக இருக்கும். "போய்க்கொண்டிருக்கிறேன்" அதில் அடங்காது. குமிழை அகலமாக்கினால் பின்னால் இருக்கும் பெண்ணின் கன்னம் மறையும். படத்தில் கை வைக்க எங்களுக்கு உரிமையில்லை. வசனத்தைக் குறைக்கச் சொன்னேன். தம்பி "வாறேன்" என்று போட்டார். அச்சொட்டாக உட்கார்ந்தது.

அடுத்த கடிதம் ஒரு பதிப்பகத்துக்கு. எந்த அத்தியாயம், எத்தனை பிரதி, எந்த நாட்டுக்குள், எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்தக் கதையை எங்கள் மெஷினில் ஏற்றமாட்டோம். முதலாளியும் சரி என்றுவிட்டார்.