பதில் வராத இணைப்புகள்: ஒரு ஸ்கிரிப்டைச் சீர்செய்த நாட்குறிப்பு

03 மார்ச் 2025, திங்கள்

மழை அளவுத் தரவை ஒரு பொதுத் தளத்திலிருந்து இரவுதோறும் எடுத்து எங்கள் தரவுத்தளத்துக்கு அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) இந்த வாரம் முதல் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் இரவு இரண்டு மணிக்குத் தொடங்கிவைத்த ஓட்டம் காலை ஒன்பது மணிக்கும் முடியாமல் கிடந்தது. லாகில் (ஓட்டப் பதிவில்) ஒரு பிழைகூட இல்லை. திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். இணைப்பு இன்னும் 'எஸ்டாப்' (இணைந்திருக்கிறது) நிலையிலேயே இருந்தது; அனுப்பக் காத்திருப்பதும் பூஜ்யம், வந்து சேர்ந்திருப்பதும் பூஜ்யம்.

வலைக் கோரிக்கைகளை அனுப்பப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் காலவரம்பைக் (டைம்அவுட்) குறிப்பிடாமல் விட்டால், அது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். எதிர்முனை சொல்லாமல் மறைந்துபோனால், அனுப்ப எதுவுமின்றி வாசிப்பதற்காக மட்டும் திறந்திருக்கும் இணைப்பில் அதைக் கண்டறிய, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வழியே கிடையாது. நாம் அனுப்பிய பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) ஒப்புதல் வராதபோதுதான் லினக்ஸ் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏறத்தாழ 15 நிமிடத்தில் கைவிடும். சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் வசதி இயல்பில் அணைந்தே இருக்கும். அதை இயக்கினாலும், இயல்பு அமைப்பில் முதல் சோதனைப் பாக்கெட் 2 மணி நேரம் கழித்தே போகும். பிழையோடு விழுந்த ஸ்கிரிப்டை யாராவது எட்டிப் பார்ப்பார்கள். ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும் ஸ்கிரிப்டை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே காலவரம்பு இல்லாத ஓர் அழைப்பைக்கூட இதில் விட்டுவைக்கப் போவதில்லை.

05 மார்ச் 2025, புதன்

காலவரம்பு என்பது ஒன்றல்ல, இரண்டு: இணைப்பை ஏற்படுத்துவதற்கு ஒன்று, இணைந்த பிறகு தரவு வருவதற்கு ஒன்று. இணைப்புக்கு 3.05 விநாடி என்ற எண்ணைப் பல நிரல்களில் பார்த்திருக்கிறேன். தொலைந்துபோன முதல் பாக்கெட்டை 3 விநாடி கழித்து மறுபடி அனுப்புவது இணைப்பு நெறிமுறையான டிசிபியின் வழக்கமாக இருந்த காலத்தில், மூன்றின் மடங்கைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்ட எண் அது. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6298 என்ற இணையத் தர ஆவணம் அந்தத் தொடக்க இடைவெளியை 1 விநாடியாகக் குறைத்துவிட்டது.

எங்கள் மெஷினில் 5.15 கெர்னல் ஓடுகிறது. பதிலே தராத ஒரு முகவரிக்கு இணைப்புக் கேட்டு, போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால், இணைப்புக் கேட்கும் சின் பாக்கெட்டுகள் 0, 1, 3, 7, 15 என்று இடைவெளி இரட்டித்தபடி போகின்றன; நாமாக எல்லை வைக்காவிட்டால் 127ஆம் விநாடியில்தான் கெர்னல் கைவிடுகிறது. 3.05 என்று வைத்தால் மூன்றாவது சின் பாக்கெட் புறப்பட்ட 0.05 விநாடியில் கதவை அடைத்துவிடுகிறோம், தொலைவில் இருக்கும் சர்வரின் பதில் வந்து சேர அது போதாது. நான் 5 விநாடி வைத்திருக்கிறேன். ஒரே பெயருக்குப் பல ஐபி முகவரிகள் இருந்தால் இந்த வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செல்லும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாசிப்பு வரம்பைப் பலர் மொத்தப் பதிவிறக்க நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தரவு வராமல் இருக்கும் இடைவெளிக்கு மட்டுமே உரிய வரம்பு. 30 விநாடி என்று வைத்த பின்னும், 20 விநாடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டும் சர்வர் நம்மை நாள் முழுவதும் பிடித்துவைத்திருக்க முடியும். அதற்காகக் க்ரான் வரியிலேயே லினக்ஸின் டைம்அவுட் கட்டளையைச் சேர்த்து, மொத்த ஓட்டத்துக்கும் 20 நிமிட எல்லை வைத்தேன். எல்லை மீறினால் வெளியேறு குறியீடு 124 வருகிறது, அதை லாகில் தனியாகப் பிரித்துக் காட்டலாம்.

06 மார்ச் 2025, வியாழன்

பழைய நிரலில் 'கனெக்‌ஷன்எரர்' என்ற இணைப்புப் பிழையைப் பிடிக்கும் வரி இருந்தும் அது எதையும் பிடிக்கவில்லை. பைத்தானுக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு பிழை வகுப்பு உண்டு. ரிக்வெஸ்ட்ஸின் வகுப்பு வேறு, அதிலிருந்து பிறந்ததும் அல்ல. நூலகத்தின் பெயரை முன்னால் சேர்த்ததும் சரியாயிற்று.

இணைப்பு டைம்அவுட் என்பது டைம்அவுட், கனெக்‌ஷன்எரர் இரண்டு வகுப்புகளுக்கும் பிள்ளை; எதை முதலில் எழுதுகிறோமோ அது பிடித்துக்கொள்ளும். பதிலின் தலைப்புப் பகுதி வந்து, உடல் பகுதி பாதியில் நின்றுபோனால், அது வாசிப்பு டைம்அவுட்டாக வராமல் கனெக்‌ஷன்எரராக வருகிறது. ஆகவே பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நம் கோரிக்கை சர்வரைப் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது, இணைப்பு டைம்அவுட் ஆயிற்று: இம்மூன்றிலும் நம் கோரிக்கை புறப்படவே இல்லை. வாசிப்பு டைம்அவுட்டும், நடுவில் அறுந்த இணைப்பும் அப்படியல்ல.

10 மார்ச் 2025, திங்கள்

தரவை எடுக்கும் கெட் கோரிக்கையை எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் எதிர்முனையில் எதுவும் மாறாது. எங்கள் தரவுத்தளத்துக்குப் போகும் போஸ்ட் கோரிக்கைதான் கவலை தருவது. மணியார்டர் அனுப்பியவருக்கு ஒப்புதல் சீட்டு திரும்பவில்லை என்பதற்காகப் பணம் போய்ச் சேரவில்லை என்று ஆகிவிடாது. வாசிப்பு டைம்அவுட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அனுப்பினால், ஒரே நாள் மழை இரண்டு முறை பதிவாகும்; அதை நம்பி மாத மொத்தம் கூட்டுபவருக்குத் தவறு தெரியவும் தெரியாது.

எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் அட்டவணையில் நிலையக் குறியீடும் தேதியும் சேர்ந்த தனித்துவ விதி ஒன்றை வைத்து, ஏற்கெனவே இருக்கும் வரிசை மறுபடி வந்தால் மதிப்பை மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றினேன். இப்போது அதே கோரிக்கை எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

மறுமுயற்சிக்கு, ரிக்வெஸ்ட்ஸ் உள்ளே பயன்படுத்தும் யூஆர்எல்லிப்3 நூலகத்தின் ரீட்ரை வகுப்பே போதும். பின்வாங்கு காரணியை (இடைவெளியைப் பெருக்கும் எண்ணை) 1 என்று வைத்தால் முதல் மறுமுயற்சி காத்திருக்காமல் உடனே போகும், அடுத்தவை 2, 4, 8 விநாடி இடைவெளியில் போகும். பிறருடைய பொதுச் சர்வரிடம் கேட்பவர்கள் இடைவெளியோடு சிறிது தற்செயல் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் விழுந்து எழும் கணத்தில் எல்லா ஸ்கிரிப்டுகளும் ஒன்றாகப் போய் மோதும். 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) அல்லது 503 (சேவை இப்போது இல்லை) பதிலோடு 'ரிட்ரை-ஆஃப்டர்' தலைப்பு வந்தால், அதில் சொன்ன நேரம் பொறுப்பதே முறை.

13 மார்ச் 2025, வியாழன்

பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் தேடல் இணைப்பு வரம்புக்கும் வாசிப்பு வரம்புக்கும் கட்டுப்படாது. அத்தேடலுக்கான அமைப்புக் கோப்பான ரிசால்வ்.கான்ஃப்பில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், ஒரு தேடலுக்கு 5 விநாடி, 2 முறை என்று இருக்கும். 2 பெயர்ச் சர்வர்களும் ஊமையாக இருந்தால் இணைப்பு தொடங்குவதற்கு முன்பே 20 விநாடி போய்விடும். அந்த 5 விநாடியை 2 விநாடியாகக் குறைத்தேன்.

லாகில் வெற்றி, தோல்வி ஆகியவற்றோடு 'உறுதியில்லை' என்ற மூன்றாவது நிலையையும் சேர்த்திருக்கிறேன். மறுமுயற்சிகள் தீர்ந்த பின்னும் பதில் வராத போஸ்ட் கோரிக்கைகள் அதில் நிலையக் குறியீட்டோடு பதிவாகும். மறுநாள் ஓட்டம் முதலில் அவற்றை அட்டவணையில் தேடிப் பார்த்து, இல்லாதவற்றை மட்டும் அனுப்பும்.