வடக்கன்குளம் முதல் காற்றாடிமலை வரை

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் பெரிய கத்தோலிக்கக் கோயிலை 1872இல் கட்டியபோது கால்சட்டை மாதிரி கட்டினார்கள். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கால்கள் இரண்டு. ஒரு சாதியாருக்கு ஒரு கால், மற்றவர்களுக்கு இன்னொன்று. இரண்டு பக்கத்தாருக்கும் பூசை வைக்கும் சாமியார் தெரிவார், ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. 1910இல் கௌசானல் சாமியார் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று, ஆனால் தடுப்பு திரும்ப எழும்பவில்லை.

இந்த ஊரில்தான் 1745 மே 14 அன்று, நீலகண்டன் என்கிற திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அப்போது இருந்தது பழைய கோயில். சாதி வித்தியாசம் இல்லை என்று சொன்ன மனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே, நூறு வருடத்துக்கு மேல் கழித்துச் சாதிக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாலும் எனக்கு மனசு அதில்தான் நின்றது. என்னோடு வந்த அத்தை, "பழசையெல்லாம் எதுக்கு கிளறுதே, சோலியப் பாரு" என்றாள்.

தேவசகாயத்தின் கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். அங்கிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். மனைவியும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1749இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள்.

அங்கேதான் அடுத்து போனோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளே சொல்லும். காற்றாடிமலையில் மெழுகுவத்தி ஏற்றுவது ஒரு பெரிய வேலை. அத்தை தீப்பெட்டியில் பாதியைத் தீர்த்தாள். கடைசியில் யாரோ ஒரு அம்மா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு தன் திரியை நீட்டினார். அதில் பற்றவைத்துக்கொண்டோம். இரண்டு பேருமே நேர்ச்சைக்கு வந்தவர்கள், சரளமாகப் பேச்சு தொடங்கிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் கூடி வரவேண்டும், மருமகனுக்கு வெளிநாட்டு வேலை அமைய வேண்டும்.

மலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கல ஓசை வரும். தட்டித் தட்டிச் சில இடங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் முண்டியடித்துக்கொண்டு தட்டினார்கள். தேவசகாயம் சுடப்பட்டபோது மேலிருந்து விழுந்த பாறை இது என்பது நம்பிக்கை. அதை ஆராய எனக்குத் தோன்றவில்லை. அவர் முழந்தாளிட்டு ஜெபித்ததாகச் சொல்லும் பாறைதான் என்னைக் கூடுதல் நேரம் பிடித்து வைத்தது.

2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். சாமியார் இல்லை, கன்னியாஸ்திரி இல்லை, சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவர். பேருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தையும் வத்திக்கான் எடுத்துவிட்டது. அவர் பிரசங்கித்ததில் முக்கியமானது எல்லாரும் சமம் என்பது. சும்மா சொல்லிவிட்டுப் போயிருந்தால் விட்டிருப்பார்கள். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதுதான் பெரிய ஆட்களுக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் அன்பியக் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் பங்குக் குழுதான் அன்பியம். மாதம் ஒரு வீடு. ஜெபம், வேதவாசகம், பாட்டு எல்லாம் எந்த வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடக்கும். அப்புறம் காப்பி வரும். சில வீடுகளில் வடையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வரைக்கும் பேசுவோம். சில வீடுகளில், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்று டம்ளரைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். எந்த வீடு என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். திருவிழா அசனத்தில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள்தான் இவர்கள். இடிக்கக் கௌசானல் சாமியார் வர முடியாத தடுப்பு இது. அதற்கு நாங்கள்தான் டம்ளரை எடுத்துக் குடிக்க வேண்டும்.

நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. கூட்டம் அதிகம், ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், அவ்வளவுக்குத்தான் இடம் கிடைத்தது. நான் என்ன கேட்டேன் என்று அத்தை விசாரித்தாள். சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அத்தை அன்பிய நோட்டை எடுத்தாள், அவள்தான் பொறுப்பாளர். அடுத்த மாசக் கூட்டம் யார் வீட்டில் என்று இன்னும் எழுதவில்லை. கீழத் தெருக் கடைசி வீட்டைச் சொன்னேன். பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.

"அங்க திண்ணை சின்னதுல்லா, இவ்வளவு பேரும் எங்க இருக்க?"

"நான் பாய் கொண்டு வாரேன் அத்தை. காப்பிக்குப் பால் அவங்க வாங்கட்டும்" என்றேன்.

எழுதினாள்.