அரிவாள் செல் நோய்க்கு ஒரு மரபணுச் சிகிச்சை

இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகையை, வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு 'மூலக்கூறு நோய்' என்று, அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறின் கோளாறால் வரும் நோய் என்று, விளக்கியது 1949இல். மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அதற்கு உருவான முதல் சிகிச்சையான காஸ்கெவிக்கு பிரிட்டன் ஒப்புதல் அளித்தது 2023 நவம்பரில். ஆய்வகக் கண்டுபிடிப்பு நோயாளியை வந்தடைய இத்தனை காலம் ஆகியிருப்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இந்தச் சிகிச்சை பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. கருவில் இருக்கும்போது நம் உடல் உருவாக்கும் ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் செயல்பாட்டை, நோயாளியின் உடலிலிருந்து எடுத்த, இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களில் குறைத்து, அச்செல்களை மீண்டும் அவருக்கே செலுத்துகிறார்கள். அந்தக் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகி, பழுதான ஹீமோகுளோபினின் குறையை ஈடுசெய்கிறது. செல்களைச் செலுத்துவதற்கு முன் கடுமையான கீமோதெரபியை அவர் தாங்கியாக வேண்டும்.

அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் இந்நோய்க் கூறு முதன்முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம். அவர்களை நினைத்தால் அந்த விலையை என்னால் ஏற்க இயலவில்லை. செல்களை வெளியே எடுக்காமல் உடலுக்குள்ளேயே திருத்தும் வழிகளைத் தேடும் ஆய்வுகளையே இப்போது ஆவலுடன் கவனித்து வருகிறேன்.